சாண்டோரினி கனவு, சாமியார்பேட்டை நிஜம்: மீனவ கிராமத்துக்கு டூர் போனா யாருக்கு லாபம்?

வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசப்படியைத் தொடுற கடல், கயித்துல காயுற ஆக்டோபஸ். இன்ஸ்டாவைத் திறந்தால் பத்து ரீல்ஸில் ஒண்ணு இதுதான். 'கிரேக்கத் தீவில் ஒரு பழைய மீனவ கிராமம்... லைஃப்ல ஒரு தடவையாவது போயிடணும்' என்று கேப்ஷன். இண்டிகோ மும்பையிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி விமானம் அறிவித்த பிறகு இந்த ஆசை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருக்கு. விருத்தாசலம் ஜங்ஷன்ல டிரெயினுக்குக் காத்திருக்கிற காலேஜ் பையன் போன்லயும் அந்த ரீல் 'சேவ்' ஆகித்தான் கிடக்கு.

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் சுருதி இறங்கும். ஷெங்கன் விசாவுக்கு அப்ளை பண்ணவே 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. அதுக்கு மேல இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், சென்னைக்கு அலைச்சல், விமானம், ஏதென்ஸிலிருந்து தீவுக்கு ஃபெர்ரி, சீசன் ரேட்டில் ரூம். ஒரு லட்சத்துக்குள் முடிப்பது கஷ்டம்.

சரி, காசு சேர்த்துப் போயிட்டோம்னே வெச்சுக்குவோம். அந்த ரீல்ஸில் ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? மீனவ கிராமம்னு சொல்றாங்க. ஆனா, ஃபிரேமில் மீனவரைக் காணோம்!

கதவுக்கு ஏன் அத்தனை கலர்?

மிலோஸ் தீவில் கிளிமா என்று ஒரு கிராமம். சிவப்பு, பச்சை, மஞ்சள் கதவுகளோடு கடலையொட்டி வரிசையாக வீடுகள். கீழ்த்தளத்தில் படகு, மேலே ஒரு சின்ன அறையில் குடும்பம். குளிர்காலத்தில் அலை உக்கிரமாகும்போது படகை அப்படியே வீட்டுக்குள் இழுத்துக்குவாங்க. இந்த அமைப்புக்கு 'சிர்மாத்தா' என்று பேர். கடலிலிருந்து திரும்புறவங்க தூரத்திலேயே தன் வீட்டை அடையாளம் கண்டுபிடிக்கத்தான் ஆளுக்கொரு கலர் என்று ஊரில் சொல்கிறார்கள். இப்போ அதில் பலதும் வாடகை அறை. படகு நின்ன இடத்தில் கட்டில்.

படகு எங்கே போச்சு? இதுக்குப் பின்னாடி ஒரு அரசியல் இருக்கு. கடலில் மீன்வளம் குறைகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் மீன்பிடிப் படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடிவு பண்ணியது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தால் மீனவருக்கு இழப்பீடு. கூடவே படகையும் உடைக்கணும். 1990-களிலிருந்து இப்படி கிரேக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்படகுகள் நொறுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். 'கைக்கி' எனப்படும் அந்தப் படகுகளைக் கையால் செதுக்கிச் செய்யத் தெரிந்த தச்சர்களும் அதோடு அருகிப்போனார்கள். சுற்றுலா வந்து மீனவரைத் துரத்தியது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. தொழில் முதலில் தளர்ந்தது. காலியான இடத்தில் டூரிஸம் வந்து உட்கார்ந்தது. இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்குங்க, நம்ம கடற்கரைக்கு வரும்போது தேவைப்படும்.

அங்கே இருக்கிறவங்களும் சும்மா இல்லை. பாரோஸ் தீவில் 2023 கோடையில் உள்ளூர் மக்கள் துண்டும் பேனருமாக பீச்சுக்கு வந்துட்டாங்க. ஹோட்டல்காரர்கள் கரை முழுக்க வாடகைப் படுக்கையும் குடையும் போட்டு, உள்ளூர்க்காரன் துண்டு விரிக்க இடமில்லாமல் பண்ணிட்டாங்க என்பதுதான் கோபம். 'துண்டுப் போராட்டம்' என்றே அதுக்குப் பேர் வந்துருச்சு. நம்ம ஊர்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிறது பஸ்ஸில். அங்கே பீச்சில்! அது மற்ற தீவுகளுக்கும் பரவி, அடுத்த வருஷமே அரசு சட்டத்தை இறுக்கியது. அலை தொடும் கோட்டிலிருந்து 4 மீட்டருக்குள் படுக்கை போடக் கூடாது, மீறினால் 'மைகோஸ்ட்' என்ற ஆப்பில் யார் வேண்டுமானாலும் புகார் பண்ணலாம். சாண்டோரினியில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான். வருஷத்துக்கு வருபவர்களோ 30 லட்சத்தைத் தாண்டும். அதனால் 2025-ல் கப்பலில் வருகிறவர்கள் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதே ஜூலையிலிருந்து, சீசனில் கப்பலில் வந்து சாண்டோரினியிலோ மைகோனோஸிலோ இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம்.

அங்கேயும் ஒரு செராமிக் ஊர்

விருத்தாசலத்துக்காரங்க கிரேக்கத்தில் ஏதாவது ஒரு தீவை மட்டும் தேடிப் பார்க்கணும்னா, நான் சிஃப்னோஸைத்தான் சொல்வேன். அது மண்பாண்டத் தீவு. நல்ல களிமண் கிடைக்கிற ஊர். குயவர்கள் வத்தி, செரோனிசோஸ் மாதிரியான மீனவக் குடாக்களின் கரையிலேயே சூளை போட்டார்கள். பானை வெந்ததும் நேரா படகில் ஏத்திடலாம், மேட்டுமேல தூக்க வேண்டாம். மீன் படகும் பானைப் படகும் ஒரே கரையில் நின்றன. சனிக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையை மண்சட்டியில் போட்டு அடுப்பில் விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை மதியம் எடுத்துச் சாப்பிடுறது அங்கே பழக்கம். வீட்டுப் புகைபோக்கிகூட சூளையில் சுட்ட மண்தான்.

இன்னைக்கும் டூரிஸ்ட் வந்தால் பட்டறையிலேயே ஒரு சட்டியோ கோப்பையோ வாங்கிட்டுப் போறார். ரூம் வாடகையை நம்பாத ஒரு வருமானம் ஊருக்குள் நிற்கிறது. ஆனால் அந்தச் சின்னத் தீவிலும் இப்போ கட்டடமும் நீச்சல் குளமும் பெருகி, உள்ளூர் நிர்வாகமே கட்டுப்பாடு கேட்கும் நிலைமை. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தீவில் வீட்டுக்கு ஒரு நீச்சல் குளம் என்றால் கேட்க மாட்டார்களா?

நம்ம கதையைப் பாருங்க. விருத்தாசலத்தில் அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் எல்லாம் செய்றாங்க. தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிக்க அரசு டிப்ளமோ நிறுவனமும் இருக்கு. பக்கத்திலேயே நெய்வேலி. சுரங்கம் தோண்டும்போது நிலக்கரிக்கு மேலே களிமண்ணும் வரும். ஆனா விளக்கு லாட் லாட்டா லாரியில் ஏறிப் போகுது. ஊருக்கு வர்றவங்க பட்டறையில் உட்கார்ந்து ஒரு விளக்கைத் தானே செஞ்சு பார்த்து வாங்கிட்டுப் போற பழக்கம் இன்னும் வளரலை. பழமலைநாதர் கோயிலுக்கு வர்ற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது செராமிக் ஊர் என்று தெரியும்?

பெருமாளே கடலுக்குப் போவார்

விருத்தாசலத்திலிருந்து கடல் ரொம்ப தூரமில்லை. கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். உள்நாட்டு ஊர்க்காரங்க மீனவ கிராமத்துக்குப் போறதும் புதுசில்லை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராகக் கடந்து கிள்ளைக்குப் போய், முழுக்குத்துறை கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். கிள்ளையில் முஸ்லிம்கள் தர்கா சார்பில் சாமிக்கு மரியாதை செய்வது பல தலைமுறையாக நடக்கிற வழக்கம். பின்னாடியே ஜனமும் போகும். கடல்ல முங்கிட்டு, கடை பார்த்துட்டு, கருவாடு வாங்கிட்டுத் திரும்பும். டூரிஸம் என்ற வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே நமக்கு இருந்த பீச் ஹாலிடே அதுதான். அந்த ஒரு நாளைக்குக் கரையை விட்டுக் கொடுக்கிறதில் மீனவ கிராமத்துக்கும் பெருமை. மறுநாள் கரை மறுபடி அவங்க கையில்.

இப்போ வரப்போறது வேற மாதிரி. கடலூர் சில்வர் பீச்சையும், புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிற சாமியார்பேட்டையையும் 'நீலக்கொடி' கடற்கரைகளாக மாற்றும் பட்டியலில் தமிழக அரசு சேர்த்திருக்கு. டென்மார்க்கில் இயங்கும் ஒரு சர்வதேச அமைப்பு தரும் சான்றிதழ் இது. மொத்தம் 33 விதிகள். குளிக்கிற தண்ணீரின் தரம், கழிவறை, குப்பை மேலாண்மை, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கு வழி என்று எல்லாமே நியாயமான விஷயங்கள். தமிழ்நாட்டில் முதலில் இதை வாங்கியது செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், 2021-ல்.

பிரச்னை விதிகளில் இல்லை, இடத்தில் இருக்கு. டூரிஸ்ட்டுக்கு மணல் என்றால் உட்கார்ற இடம். மீனவருக்கு அதுதான் ஒர்க்‌ஷாப், பார்க்கிங், மார்க்கெட் எல்லாம். ஃபைபர் படகை ஏத்துறது அங்கே, வலை பிரிச்சுக் கிழிசல் பார்க்கிறது அங்கே, ஏலம் அங்கே, பெண்கள் கருவாடு காயப்போடுறதும் அங்கேதான். அந்த மணலுக்கு யார் பேரிலும் பட்டா கிடையாது. ஊர் பஞ்சாயத்து வழக்கத்தில் பங்கிட்டுக்கொண்ட பொதுவிடம். ரெவின்யூ கணக்கில் புறம்போக்கு. 'இது எங்க இடம்'னு சொல்ல மீனவரிடம் இருக்கிறது வழக்கம் மட்டும்தான், காகிதம் இல்லை. அதனாலதான் நீலக்கொடி என்றதும் பல மீனவ கிராமங்களில் முதல் கேள்வியே, 'படகை எங்கே நிறுத்துறது?'

200 மீட்டர் கணக்கு

இந்தப் பயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டாக இருந்த எம்.ஜி.ஆர் திட்டு கிராமத்தை அலை வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் கிள்ளைப் பக்கம் மாற்றப்பட்டார்கள். கிரேக்கத் தீவு மீனவ கிராமம் என்று நாம தேடுறோமே, நம்ம மாவட்டத்திலேயே தண்ணி சூழ்ந்த ஒரு மீனவ கிராமம் இருந்தது. இன்னைக்கு பிச்சாவரத்தில் படகு சவாரி போறவங்களுக்கு அது ஒரு பேர் மட்டும்தான்.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது. உள்ளே தள்ளிப் போனால் புது வீடு இலவசம், பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்கணும். போக மாட்டேன் என்றால் வீடு கட்ட உதவி கிடையாது. பாதுகாப்புக்காகச் சொன்னதுதான். பலரும் போனார்கள். ஆனா, 'உனக்கு ஆபத்து'னு சொல்லி வாங்கின கரையில், இருபது வருஷம் கழிச்சு மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டால், அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும்?

சட்டத்தில் மீனவருக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கு. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கடற்கரைகளில் மீனவர்கள் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டையே ஹோம்ஸ்டேயாக நடத்த அனுமதிக்கிறது. வீட்டின் அளவையோ முகப்பையோ மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்றிலிருந்து ஆறு அறை வரை பதிவு பண்ணலாம், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கணும். 2025 பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடனும் அறிவித்தார்கள். காகிதத்தில் எல்லாம் ஜோர். நடைமுறையில் சுனாமிக் குடியிருப்பு வீடு எவ்வளவு பெருசு? ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன். பையனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னாலே அவங்களுக்கு இடம் பத்தாது. இதில் விருந்தாளிக்கு ரூம் எங்கே? அதே அறிவிக்கை, அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி பீச்சிலேயே தற்காலிகக் குடில், கழிவறை, உடை மாற்றும் அறை போடவும் வழி தருகிறது. அதற்கு டெண்டர் எடுக்கப் பணம் உள்ளவர் யார், வீட்டுக்கு ஒரு ரூம் சேர்க்கவே கஷ்டப்படுபவர் யார்? இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் போட்டி. என் பார்வையில் இந்த டூரிஸத்தோட தலையெழுத்தே இங்கேதான் முடிவாகும், நீலக்கொடியின் 33 விதிகளில் இல்லை.

முடியாது என்றும் சொல்ல முடியாது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கு கத்துக்கிட்டு, ஊர்ப் பசங்களுக்கும் கத்துக்கொடுத்து, சர்ஃபிங் பள்ளி வரை கொண்டு வந்தார். கடலை மடக்கிப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு அலைப்பலகை என்ன பெரிய விஷயம்? 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்தது. அங்கே வர்ற டூரிஸ்ட் காசு கொடுக்கிறது மீனவரோட கடல் அறிவுக்கு. அவரோட மணல் போச்சேன்னு கவலைப்படத் தேவையில்லை. ஆனா அதுக்குப் பின்னால் சென்னை இருக்கு, ஈ.சி.ஆர் இருக்கு, ஸ்பான்சர் இருக்கு. சாமியார்பேட்டைக்கு அதெல்லாம் தானா வந்துடாது.

கடலூர் கரைக்கு டூரிஸம் மட்டுமே போட்டியாளர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். வடக்கே சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள், தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் அனல்மின் நிலையம். சுருக்குமடி வலைக்குத் தடை, போராட்டம், கோர்ட். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் அந்த வலையைப் போடலாம் என்று இடைக்கால அனுமதி தந்தது. வாரத்துக்கு ரெண்டு நாள் பாட்டை நம்பி எத்தனை குடும்பம்? கிரேக்கத்தில் தொழில் தளர்ந்த பிறகு டூரிஸம் வந்த அந்த வரிசை இங்கேயும் தொடங்கிவிட்டதா என்று கேட்டால், இன்னும் இல்லை என்றுதான் சொல்வேன். இங்கே படகு இன்னும் கரையில் நிற்குது, ஏலக்குரல் இன்னும் கேட்குது. கிளிமாவுக்கு இல்லாத வாய்ப்பு அது.

எப்போ போகலாம்?

இத்தனையும் படிச்சுட்டு 'அப்போ போகவே கூடாதா ப்ரோ?'ன்னு கேட்கிறீங்களா? தாராளமா போங்க. ஆனா மாசம் பார்த்துப் போங்க. நாம வழக்கமா போறது மே மாசம், லீவு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து! அந்த நேரத்தில் ஃபைபர் படகு, நாட்டுப் படகு மட்டும்தான் போகும். ஆகவே மே மாசம் பெரிய ஹோட்டலில் தட்டு நிறைய வரும் வஞ்சிரம் எந்தக் கடல் மீன் என்று ஒரு கேள்வி கேளுங்க. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், கேரளாவிலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம். கிரேக்கத்திலும் கோடையில் இழுவலைப் படகுகளுக்குத் தடை உண்டு. அங்கே உறைய வைத்த மீன் என்றால் மெனு கார்டில் குறி போட்டுக் காட்டணும் என்று சட்டம். நம்ம ஊர்ல வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

அதே மே மாசத்தில், வேலையில்லாமல் இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு நீங்க கொடுக்கிற காசு நேரா போய்ச் சேரவும் வாய்ப்பு அதிகம். கரையில் அடுப்பு வெச்சு சங்கராவும் நெத்திலியும் பொரிச்சுக் கொடுக்கிற அக்காகிட்ட சாப்பிடுங்க, பேரம் பேசாதீங்க. கடல்ல இறங்குறதுக்கு முன்னாடி, கரையில் வலை பின்னிட்டிருக்கிற பெரியவர்கிட்ட 'ஐயா, எந்தப் பக்கம் இழுப்பு இல்லை?'ன்னு கேளுங்க. கூகுள் மேப்ஸுக்கு நீரோட்டம் தெரியாது. கருவாட்டுப் பாயை மிதிச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்காதீங்க, அது ஒரு குடும்பத்தோட வாரச் சம்பளம். ஏலம் நடக்கும்போது டிரோன் விடாதீங்க. மீன் கூடையோட நிக்கிற பெண்களை போட்டோ எடுக்கணும்னா முதல்ல கேட்டுட்டு எடுங்க.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு, புயல் பயம். தை, மாசிதான் எனக்குப் பிடித்த சீசன். வெயில் இருக்காது, மாசி மகமும் வரும். விருத்தாசலத்திலிருந்து காலையில் கிளம்பி சிதம்பரம் வழியா போனால் ஒரே நாளில் பிச்சாவரம், கிள்ளை, சாமியார்பேட்டை மூணையும் பார்த்துட்டு ராத்திரி வீடு திரும்பிடலாம். வலையிலிருந்து இறங்குகிற மீனைப் பார்க்கணும்னா மட்டும் முந்தின நாளே போய் சிதம்பரத்தில் தங்கிடுங்க. வெள்ளாறு கடலில் சேருமிடத்தில் இருக்கிற அன்னங்கோயில் இறங்குதளத்துக்கு விடிகாலையில் வந்துடணும். எட்டு, ஒன்பது மணிக்கு மேல போனா ஐஸ் பெட்டியும் லாரியும்தான் இருக்கும்.